கொச்சி மோஷே

என் வீட்டுக்காரர் மூசா மரைக்காயரைக் கட்டிக்கொண்டு நாற்பத்துநாலு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே சிட்னியில், செவன் ஹில்ஸில் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் இருபத்துநாலு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். எவனுக்கு லீவு வேண்டுமானாலும் இவர்தான் ஷிஃப்ட்டை மாற்றிக்கொடுப்பார். வாசலில் வந்து நின்று விற்கிறவன் பேச்சைத் தட்ட முடியாமல் எங்கள் வீட்டில் மூன்று வேக்குவம் கிளீனர். அதில் ஒன்று இன்னும் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரோடு நான் பட்ட பாடு எனக்கும் என் ரப்புக்கும்தான் தெரியும்.

ஆனால் வேக்குவம் கிளீனரெல்லாம் ஒரு மாட்டலா? அவர் உண்மையாக மாட்டிக்கொண்டது எங்கள் கல்யாணத்துக்கு ஏழு வருஷம் முன்னால், ஒரு தீவில். தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யார் வீட்டுக் கதை என்று அங்கேயிருந்து வந்தவர்கள் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் நம் ஆட்களும் கலந்து வாழ்கிற சின்னத் தீவு, மாதம் தவறாத மழை, அவ்வளவு தெரிந்தால் போதும்.

அங்கே யூதர்கள் தொழுகிற பள்ளி ஒன்று இருந்தது. ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கி விற்க பாக்தாத்திலிருந்து வந்த யூத வியாபாரிகள் ஒரு காலத்தில் கட்டியது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர், தேக்குத் தூண்கள், பெண்கள் உட்கார மாடியில் தனியாக ஒரு தளம். அறுபது வீட்டு ஆண்கள் கூடிய இடமாம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அதை அரிசிக் கிடங்காக்கிவிட்டான். அவன் போனதும் எலிப்புழுக்கையைக் கழுவித் தள்ளிவிட்டு மறுபடியும் விளக்கேற்றினார்கள். ஆனால் பிள்ளைகள் தங்கவில்லை. லண்டனுக்குச் சிலர், சிட்னிக்குச் சிலர் என்று கப்பலேறிவிட்டார்கள். அறுபது முப்பதாகி, முப்பது பதினைந்தாகி, 1974-இல் ஒன்பது ஆண்கள்தான் மிஞ்சினார்கள்.

அந்த ஒன்பதுதான் தொல்லை. பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கூட்டுத் தொழுகை. ஒன்பது பேர் இருந்தால் வேதச்சுருளை வெளியே எடுத்து ஓதக் கூடாது. இறந்தவர்களுக்காகச் சொல்கிற துஆவைச் சொல்லக் கூடாது. தாய் மவுத்தானால் மகன் பதினொரு மாதம் அந்த துஆவைச் சொல்ல வேண்டும், கூட இருப்பவர்கள் ஆமீன் சொல்ல வேண்டும். மாடி நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் சேர மாட்டார்கள். அதை நான் குறை சொல்லப் போவதில்லை. நம் வீட்டிலும் பல விஷயத்தில் அதே கதைதான்.

மூசாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாகூரிலிருந்து போய் மாமாவின் துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தார். தீவுக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அந்தி நேரம், கடையிலிருந்து வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. நீலச்சுவர்க் கட்டிடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கினார். தலையில் தொப்பி இருந்தது. உள்ளேயிருந்து எஸ்ரா என்ற கிழவர் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். இனி இந்தக் கதையில் வருகிற யூதர்கள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். என் தமிழில் சொல்கிறேன்.

“பேர் என்ன தம்பி?”

“மூசா.”

“தகப்பனார் பேர்?”

“இப்ராஹிம்.”

“எந்த ஊரு?”

“இந்தியா. தெற்கே.”

“கொச்சியா?”

கொச்சியில் நம் நிறத்தில் யூதர்கள் காலங்காலமாக இருந்தார்கள் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? குளிரில் நடுங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். நம் ஊர்த் தலையாட்டல் தெரியுமே, ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில் போய் நிற்கும். கிழவர் அதை ஆமா என்று எடுத்துக்கொண்டார். மூசா என்ற பேரும் அவர்கள் வாயில் மோஷே ஆகிவிட்டது.

பிறகு எல்லாமே பொருந்திப் பொருந்தி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார். அங்கே வேறு யாரும் கழற்றுவதில்லை. ஆனால் கொச்சி யூதர்கள் செருப்போடு பள்ளிக்குள் போக மாட்டார்கள் என்று எஸ்ரா கேள்விப்பட்டிருந்தார். புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், அரபி மாதிரியே வலமிருந்து இடம் ஓடுகிற எழுத்து. குர்ஆன் ஓதிப் பழகிய கை, வலப்பக்கமிருந்து சரியாகத் திறந்தது. வேறு எந்த இந்தியப் பையனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே குட்டு உடைந்திருக்கும். அப்புறம் ஹெஸ்கல் என்ற நாற்பது வயதுக்காரர் முன்னால் வந்து நின்று, உடைந்த குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவருடைய தாய் மவுத்தாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பத்தாவது ஆள் இல்லாததால் அந்த துஆவை அவர் அதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எல்லாரும் ஆமீன் சொன்னபோது இவரும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் இவருக்குப் புரிந்தது.

முடிந்ததும் ஹெஸ்கல் வந்து இவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்போதுதான் இவருக்கு விஷயமே விளங்கியது. அழுகிற மனிதரைத் தள்ளி நிறுத்தி, நான் உங்கள் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். யார் சொல்வது? என் வீட்டுக்காரரா?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அடுத்த வாரம் போகக் கூடாது என்றுதான் இருந்தாராம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே எஸ்ரா குடையோடு தெருமுனையில் நின்றார். கடைக்குள் வந்து மாமாவிடம் ஏதாவது கேட்டுவிடப்போகிறார் என்று பயந்து இவரே ஓடிப்போய்க் கூடச் சேர்ந்துகொண்டார். பையனுக்கு எங்கேயோ பெண் சகவாசம் என்று மாமா நினைத்தார். நாகூருக்கு லெட்டரும் போட்டுவிட்டார். ஹெஸ்கலின் பதினொரு மாதம் முடியட்டும், ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம் என்று இவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அது முடிகிற வாரம் எஸ்ராவின் மனைவி மவுத்தானார். துஆ சொல்ல மகன் பக்கத்தில் இல்லை, எஸ்ராவே நின்றார். மறுபடியும் பதினொரு மாதம். கோலாலம்பூரில் நல்ல வேலை ஒன்று வந்தது, விட்டார். உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறக் கூடாதே என்று அதற்கும் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு வருஷம் நாலு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் எஸ்ராவே மவுத்தானார், ஆள் குறைந்தது, பள்ளியைப் பூட்டினார்கள். இப்போது அங்கே மெத்தைக் கடை இருக்கிறதாம்.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் ஒரு தடவை என்னிடம் சொன்னார். நான் முதலில் சிரித்தேன். பிறகுதான் அவர் சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

“அந்த ஆளோட தாய்க்குச் சொன்ன துஆ சேர்ந்திருக்குமா, நஸீரா?” என்று கேட்டார்.

“அது அல்லாவுக்குத்தான் தெரியும். நீங்க ஏன் தலைய உடைச்சிக்கிறீங்க?” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. முடிந்தது என்று நான்தான் நினைத்தேன்.

போன வருஷம் ஜூலையில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்கம் தெளிகிற நேரம் வாயில் ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டிருந்தார். நம் பாட்டு மாதிரியும் இல்லை, ஓதுகிற மாதிரியும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்த ஒரு முதியவர், தொண்ணூறு தாண்டியவர், கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவர் கண்ணைத் திறந்தார். கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்த்தார்.

“மோஷே? கொச்சி மோஷேயா?” என்றார்.

ஹெஸ்கல்தான் அது. இவர் முனகியது அந்தத் தீவுப் பள்ளியின் ராகம். யா அல்லா, உலகத்தில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது, இத்தனை கட்டில் இருக்கிறது! மயக்கத்தில் கிடந்தவர் அந்தக் குரலைக் கேட்டதும் தலையை ஆட்டினார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஆட்டிய அதே ஆட்டல். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஹெஸ்கலின் மகள் ரேச்சலுக்கு வெஸ்ட்மீடில் லேப் வேலை. யூதர்கள் அதிகம் இருக்கிற கிழக்குப் பக்கத்தை விட்டு, வேலைக்காக வின்ஸ்டன் ஹில்ஸில் குடியிருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம். அந்தத் தீவுப் பள்ளியின் வரலாற்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய போட்டோக்கள், கல்லறைப் பெயர்கள், கப்பல் டிக்கெட்டுகள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தாள். உயிரோடு இருக்கிற இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என் முக்காட்டைப் பார்த்து, அவர்கள் பெண்களைப் போலத் தலையை மூடுகிற பக்தியான குடும்பம் என்று சந்தோஷப்பட்டாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஆகாது என்று நான் வீட்டிலிருந்து கொண்டுபோனதைப் பார்த்து, “எங்கப்பாவும் அப்படித்தான்” என்றாள்.

“வெள்ளிக்கிழமைன்னா உங்க வீட்டுல என்ன சமைப்பீங்க ஆன்ட்டி?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“நெய்ச்சோறு, தாளிச்சா. விசேஷம்னா வட்டலப்பம்” என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. கொச்சி யூதர் சமையல் என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நானும் கூட்டுக் களவாணி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “இந்தப் பொய்யோட நான் மவுத்தாகக் கூடாது நஸீரா. அவர்கிட்ட சொல்லிடணும்.” சரி, சொல்லுங்கள் என்றேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை ரேச்சல் வீட்டுக்கு ஹெஸ்கலைப் பார்க்கப் போனோம். காரை நிறுத்தும்போது “இன்னிக்குச் சொல்லிடுவேன்” என்பார். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் மகள் நஷ்வா, “ஜஸ்ட் டெல் ஹிம், வாப்பா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரு வரிதான்.

ஒரு வியாழக்கிழமை சொல்லியே இருப்பார். வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் ஹெஸ்கல் பேச ஆரம்பித்துவிட்டார். ரேச்சல் ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு மேசையில் வைத்திருந்தாள்.

“மோஷே, ஒனக்கு ஒண்ணு தெரியாது. நீ மழையில வந்து நின்னியே, அன்னிக்குத்தான் கடைசித் தொழுகைன்னு முடிவு பண்ணியிருந்தோம். ஒன்பது பேரும் தனித்தனியாத் தொழுதுட்டுப் பள்ளியப் பூட்டிடறதுன்னு. என் பெட்டி கட்டி ரெடியா இருந்துது. என் சம்சாரம் கைக்குழந்தையோட சிட்னிக்கு முன்னாடியே போயிட்டா. இதோ, இவதான் அந்தக் குழந்தை. அடுத்த மாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன்.”

இவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“நீ உள்ள வந்தே. ஆண்டவன் பத்தாவது ஆளை அனுப்பிட்டான், இனிமே எப்படிப் பூட்டறதுன்னு எஸ்ரா கேட்டார். சொந்தம் பந்தம் இல்லாத பையன், வெறுங்காலோட வாரா வாரம் வர்றான். அவனுக்காகவாவது பள்ளி தெறந்திருக்கணும்னு ஒன்பது பேரும் அங்கயே கெடந்தோம். ரெண்டு வருஷம் கழிச்சு நான் இங்க வந்து எறங்கினப்ப இவ என்னைப் பார்த்து அங்கிள்னு கூப்பிட்டா.”

ரேச்சல் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். இவர் அவர்களுக்காக மாட்டிக்கிடந்தார் என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர்கள் இவருக்காக மாட்டிக்கிடந்திருக்கிறார்கள். இவர் மட்டும் அன்றைக்கு வேறு தெருவில் போயிருந்தால் ஹெஸ்கல் சிட்னிக்கு வந்து, நூறு பேருக்கு நடுவில் நின்று தாய்க்கான துஆவைச் சொல்லியிருப்பார். பெற்ற மகளும் அவரை அப்பா என்று கூப்பிட்டிருப்பாள்.

“எனக்கு அதுல வருத்தம் இல்ல மோஷே,” என்றார் ஹெஸ்கல். “எங்கம்மா அந்த மாடியில நாப்பது வருஷம் ஒக்காந்தவ. அவ இடத்துலயே, பத்துப் பேரோட நின்னு சொன்னேன். அது போதும் எனக்கு. அது ஒண்ணுதான் நான் உருப்படியாப் பண்ணினது.”

இதற்கு மேல் எந்த வாயால் சொல்வது? ரேச்சல் கேட்டாள், “மோஷே அங்கிள், கொச்சியில உங்க குடும்பம் எந்தத் தெரு?” இவர் தண்ணீர் கேட்டார்.

அன்று திரும்பி வரும்போது காரிலேயே சண்டை போட்டேன். “நீங்க சொல்ல வேண்டாம், நானே போய்ச் சொல்றேன். எனக்கு வாய் இருக்கு.”

“வேண்டாம்” என்றார்.

முதன்முதலாக அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டேன். நாற்பத்துநாலு வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தை, அதுவும் என்னிடம்தான் வந்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ரேச்சலின் புத்தகம் ஏப்ரலில் வந்தது. நாற்பது பக்கம். கடைசிப் பக்கங்களில் ஒரு போட்டோ, நீலச் சுவருக்கு முன்னால் பத்து ஆண்கள். ஓரத்தில் ஒல்லியாக, வெறுங்காலோடு என் வீட்டுக்காரர். ‘கொச்சியிலிருந்து வந்த மோஷே. இவரால் இந்தப் பள்ளி மேலும் இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தது’ என்று கீழே போட்டிருந்தாள். இரண்டு பிரதி கொடுத்தாள். பள்ளிவாசல் நண்பர்கள் வந்துபோகிற வீடு, எங்கே வைப்பது? பிரிக்காத வேக்குவம் கிளீனர் பெட்டியைப் பிரித்து அதற்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டிக்கும் ஒரு பிரயோஜனம் கிடைத்தது. அந்த வாரத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால்தான் எழுந்து வருவார்.

ஜூனில் ஹெஸ்கல் மவுத்தானார். தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்குப் போய் ஓரமாக நின்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தோம். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரே போய்விட்டார், இனிமேல் நெஞ்சிலிருந்து எடுத்து வைக்க இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. ரேச்சல். இவர் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“மோஷே அங்கிள், வீட்டுல தொழுகை. தம்பி அப்பாவுக்கு துஆ சொல்ல நிக்கிறான். கிழக்குப் பக்கத்திலேர்ந்து வர்றவங்க எம் ஃபோர் ரோட்டுல ஆக்சிடென்ட்ல மாட்டிக்கிட்டாங்க. சூரியன் எறங்கறதுக்குள்ள தொழணும். ஒன்பது ஆம்பளைங்கதான் இருக்காங்க. நீங்க பத்து நிமிஷ தூரம். வந்துருவீங்கல்ல?”

“வர்றேம்மா” என்று இவர் சொல்லிவிட்டார். என்றைக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறார்?

கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவை எடுத்தார். ஒரு காலில் மாட்டினார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஃபோன் இன்னும் மடியில் கிடந்தது, அவள் வைக்கவில்லை. பின்னால் ஆண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. யாரோ மணியைக் கேட்டார்கள். நான் கார் சாவியோடு நின்றேன். ஏப்ரலிலிருந்து இவர் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை.

“அங்கிள், கெளம்பிட்டீங்களா?”

மாட்டிய ஷூவைக் கழற்றினார்.

“நான் வந்தாலும் ஒன்பதுதாம்மா” என்றார்.

“என்ன அங்கிள்?”

“எம் பேரு மூசா. நாகூரு. நான் முஸ்லிம். நீ என்னைச் சேர்த்தாலும் ஒன்பதுதான் வரும். ஒங்க அப்பாவுக்கு ரெண்டாவது தடவையும் இதைச் செய்ய மாட்டேன். வேற ஆளைக் கூப்பிடு, சீக்கிரம் கூப்பிடு.”

வைத்துவிட்டாள் என்று நினைத்து நான் ஃபோனை எடுக்கப் போனேன். அப்போது அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப பாட்டிக்கும்?”

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாட்டிக்கும் ஒன்பதுதாம்மா.”